நாற்பத்தோராவது கிலோமீட்டர்

ஏழூரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற சுகவாசம் லாட்ஜில் பதினான்கு அறைகள், பதினான்கு அறைகளுக்கும் சேர்த்து இருபத்தாறு தலையணைகள், அந்த இருபத்தாறு தலையணைகளுக்கும் உறை தைத்துக் கொடுப்பவள் மேட்டுத்தெரு உலகம்மாள். பத்தொன்பது வருஷமாகத் தைக்கிறாள், கிழியக் கிழியத் தைக்கிறாள், நைந்துபோனால் புதுத்துணி எடுத்து வெட்டித் தைக்கிறாள், மதுரைக்காரன் தலையும் கொல்லத்துக்காரன் தலையும் விதை வியாபாரி தலையும் பொண்ணு பார்க்க வந்தவன் தலையும் அவள் தையலில் சாய்ந்துதான் எழுந்து போயிருக்கின்றன, அவள் தலை மட்டும் அதில் ஒரு நாளும் சாய்ந்ததில்லை. இதை அவள் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை, அந்தப் புதன்கிழமை வரைக்கும்.

அந்தப் புதன்கிழமை என்ன விசேஷம் என்று கேட்டால், ஒன்றும் விசேஷமில்லை. காலையில் மெஷினில் உட்கார்ந்து ஆறாம் நம்பர் அறைக்கு உறை தைத்துக்கொண்டிருந்தவள், தைத்ததைத் திருப்பி, மூலைகளைக் குத்தி எடுத்து, சும்மா ஒரு தரம் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், அவ்வளவுதான். பிறந்த வீட்டில் அக்கா தங்கச்சி ஐந்து பேர் ஒரே பாயில், ஒரே ஜமுக்காளத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்தபடி. வாக்கப்பட்டு வந்த வீட்டில் கூடமாக ஒரு பத்தி, ஒரு அடுக்களை, அதற்குள் புருஷன் முத்துக்குட்டியும் அவளும் பிள்ளைகள் மூன்றும், கொழுந்தனும் அவன் பெண்டாட்டி கனியும் அவர்கள் பிள்ளைகள் இரண்டும், ஆக ஒன்பது பேர். அந்த வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு ஒன்றே ஒன்று, அது கொல்லையில் கக்கூஸ் கதவு, அதிலும் கொஞ்சம் நேரமானால் “ஏட்டி, உள்ள என்ன செய்த?” என்று தட்டு விழும். நாற்பத்தாறு வயதில் ஒரு மனுஷி, ஒரு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, யாரும் ஏட்டி என்று கூப்பிடாமல், ஒரு நாள் பத்து மணிக்குப் படுத்து மறுநாள் பத்து மணிக்கு எழுந்திருக்க ஆசைப்பட்டால் அது பேராசையா? பேராசை என்று சொல்கிறவர்கள் இந்தக் கதையை இத்தோடு மூடி வைத்துவிடலாம், அவர்களுக்கு இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மெஷின் டிராயரில் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, ஆதார் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் லாட்ஜுக்குப் போனாள். கல்லாவில் மேனேஜர் திரவியம் இருந்தார். நல்ல மனுஷன்தான். இருபத்தைந்து வருஷமாக அந்த மர மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், யாரிடமும் அதிகமாக ஒரு காசு வாங்கியதில்லை, யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, உள்ளூர் ஆள் ஒருத்தருக்கும் அறை கொடுத்ததில்லை.

“என்ன உலகம்மா, உறை கொண்டாந்தியா? அங்கன வச்சிட்டுப் போ.”

“உறை நாளைக்கு அண்ணாச்சி. இன்னைக்கு எனக்கு ஒரு ரூம் வேணும்.”

“யாருக்கு, விருந்தாளு வந்திருக்கா?”

“எனக்குன்னு சொல்லுதேம்லா.”

திரவியம் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். ஆதார் கார்டை வாங்கி, இந்தப் பொம்பளையை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி முன்னும் பின்னும் திருப்பி, மேட்டுத்தெரு, ஏழூரணி என்று சத்தமாக வாசித்தார். பிறகு முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய பலகையைத் திரும்பிப் பார்க்காமலே கட்டைவிரலால் காட்டினார். அதில் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது: அசல் அடையாள அட்டை காட்டவும். வாடகை முழுவதும் முன்கூட்டியே செலுத்தவும். அதே அளவு அட்வான்ஸ் கட்டவும், தலையணை, துண்டு, வாளி குறைந்தால் அட்வான்ஸில் பிடிக்கப்படும். உள்ளூர்வாசிகளுக்கு அறை கிடையாது. நாற்பது கிலோமீட்டருக்குள் வசிப்போர் உள்ளூர்வாசிகளாகக் கருதப்படுவர்.

“ஏன் கிடையாது?” என்று கேட்டாள் உலகம்மாள்.

“உள்ளூர்க்காரனுக்குத்தான் வீடு இருக்கே. வீடு இருக்கவன் எதுக்கு ரூம் கேக்கான்? ஏதாவது தப்புத்தண்டாவுக்குத்தான் கேப்பான்.”

“நான் தூங்கதுக்குக் கேக்கேன்.”

“தூங்கதுக்கு வீட்டுக்குப் போ.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த உரக்கம்பெனி ஆள் பேப்பரை இறக்கி அவளை மேலும் கீழும் பார்த்தான். அந்தப் பார்வையில்தான் அவளுக்கு முதலில் வெட்கம் வந்தது, வெட்கம் வந்த அடுத்த நொடியே, எதுக்கு நான் வெட்கப்படணும் என்று கோபம் வந்தது. லாட்ஜ் படியில் இறங்கியவள் திரும்பி நின்று, பஸ் ஸ்டாண்டே கேட்கிற மாதிரி, “நாப்பது கிலோமீட்டர்தான அண்ணாச்சி? அதுக்கு அந்தப் பக்கம் இருந்தே வாரேன். அப்ப என்ன சொல்லுதியன்னு பாக்கேன்,” என்று சொல்லிவிட்டு, மூன்று தெரு நடந்து, ஏழு நிமிஷத்தில் வீடு போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எதிர்வீட்டு சொர்ணம் வழக்கம்போல ஒரு கட்டு கொத்தமல்லியை உலகம்மாள் வீட்டு நடைக்கு வீசினாள். மேட்டுத்தெரு சந்து அப்படி, இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் கேட்கும், கையை நீட்டினால் எதிர்வீட்டு ஜன்னல் கம்பியைத் தொடலாம். சொர்ணம் வீசிய கொத்தமல்லி எட்டேகால் மணிக்கு வந்து விழுந்தது, வாடிப்போய், வழியில் எங்கோ மழையில் நனைந்து. சொர்ணம் நடையில் நிற்பது தெரிகிறது, அவள் மூக்குத்தி தெரிகிறது, அவள் திட்டுகிற திட்டு அந்த நிமிஷமே வந்து காதில் விழுகிறது. ஆனால் உலகம்மாள் உறைகளை எடுத்துக்கொண்டு படியிறங்கி நடந்தால் எதிர்வீடு வரவே மாட்டேன் என்கிறது, பனங்காடு வருகிறது, தண்ணீரில்லாத ஓர் ஆறு வருகிறது, ஆற்றுக்கு மேல் பாலம், பாலத்துக்கு அப்பால் யாரும் ரயிலைப் பார்த்திராத ஒரு ரயில்வே கேட், அதற்கு அப்பாலும் சாலை. அவள் திரும்பி வந்து புருஷனிடம் சொன்னாள், புருஷன் போய்ப் பார்த்துவிட்டு வந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, “இன்னைக்கு வேலைக்கு லேட்டுதான்,” என்றான்.

தெருமுனைக்கு வருகிற டவுன் பஸ் அன்றைக்கும் வந்தது. கண்டக்டர் ஆவுடையப்பன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னார்: “நாப்பத்தோரு கிலோமீட்டர் மதினி. நான் என்ன செய்ய, வண்டி சொல்லுது. கட்டணம் அதுக்குத் தக்கனதான்.”

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று சொல்ல வேண்டும். முதல் நாள் கூட்டமாக வந்து பார்த்தது, இரண்டாம் நாள் பாதிப் பேர்தான் வந்தார்கள், மூன்றாம் நாள் அவரவர் ஜோலியைப் பார்க்கப் போய்விட்டார்கள். தபால்காரர் அந்த வீட்டுத் தபால்களை மட்டும் தனியாகக் கட்டி செவ்வாய்க்கு ஒரு தரம், வெள்ளிக்கு ஒரு தரம் என்று வைத்துக்கொண்டார். பால்காரர், வழியில் தயிராகிவிடுகிறது என்று சொல்லித் தயிராகவே கொண்டுவந்தார். சொர்ணத்தின் தம்பி ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு டீக்கடை போட்டான், அங்கே காற்று நன்றாக இருக்கிறது, டீ கூட ருசியாக இருக்கிறது என்று ஊரிலிருந்து ஆட்கள் பஸ் ஏறிப் போய்க் குடித்துவிட்டு வந்தார்கள். நகராட்சி சர்வேயர் டேப்பைப் பிடித்துக்கொண்டு லாட்ஜ் வாசலில் புறப்பட்டு, இரண்டு நாள் கழித்து உலகம்மாள் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டபடி, நாற்பத்தொன்று என்று எழுதிச் சீல் வைத்துக் கொடுத்தார். அது எப்படிம்மா நடந்தது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிக்க வந்தவர்கள்தான் அவள் பேரை அடித்துவிட்டுப் போனார்கள். கமிட்டிக்காரர்கள் மூன்று பேர், அவள் பிறந்த வடக்குத் தெருக்காரர்கள்தான், சொர்ணம் வீட்டு நடையில் நின்று நோட்டைப் பார்த்துவிட்டுத் தெரு தாண்டிப் போகப் பார்த்தார்கள். அவள் இந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள்.

“ஏன், என் வீட்டு வரி வாங்கலையா?”

“வெளியூர்க்காரங்ககிட்ட வரி வாங்கப்படாதும்மா,” என்றார் அவர்களில் பெரியவர், தொலைவில் இருக்கிறவளுக்குக் கேட்கட்டும் என்று கத்தி. “வேணும்னா நன்கொடையாக் குடுங்க, ‘வெளியூர் அன்பர்’னு போட்டு ரசீது தாறோம்.”

அன்றைக்கு அவள் அழுதாள். பிறந்ததும் இந்த ஊர், வாக்கப்பட்டதும் இந்த ஊர், ஐந்து வயதில் அந்த அம்மனுக்கு முன்னால் தொலைந்துபோய் அந்த அம்மனுக்கு முன்னாலேயே கிடைத்தவள், தன் தலையைச் சாய்க்க ஓரிடம் கேட்டதற்கு, ஊரே அவளைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது. முத்துக்குட்டி வேறு, போகையில் ஒரு தரம் வருகையில் ஒரு தரம், “ஒரு தூக்கத்துக்காக ஒம்பது பேரைப் பஸ் ஏத்திட்டியேட்டி, போய் அண்ணாச்சிகிட்ட ரூம் வேண்டாம்னு சொல்லு, எல்லாம் சரியாப் போவும்,” என்று நச்சரித்தான்.  கனி மட்டும், பாத்திரம் விளக்குகிற இடத்தில், பக்கத்தில் குந்தி, சாம்பல் கையோடு சொன்னாள்: “யக்கா, நீ விட்டுக் குடுத்துராத. போய்ப் படுத்து எந்திரிச்சு வா. அடுத்தது நான்.”

அடுத்த புதன்கிழமை காலை உலகம்மாள் தலைக்குக் குளித்து, ஒரு மாற்றுச்சேலையையும் சர்வேயர் கொடுத்த காகிதத்தையும் பையில் வைத்து, பஸ் ஏறி, பனங்காட்டையும் ஆற்றையும் பாலத்தையும் ரயில்வே கேட்டையும் தாண்டி, ஒன்றேகால் மணி நேரம் பயணம் செய்து, முழங்கால் வரை புழுதியோடு சுகவாசம் லாட்ஜ் வாசலில் இறங்கினாள். திரவியம் எழுந்து நின்றார். ஆமாம், எழுந்தே நின்றார்.

“வாங்க, வாங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமா? உக்காருங்க, தண்ணி குடிக்கியளா? பையை அங்கன வைங்க, ஆறாம் நம்பர் சுத்தம் பண்ணியே வச்சிருக்கு.”

பத்தொன்பது வருஷமாக வா, போ, அங்கன வை என்று பேசியவர். மூன்று தெருவுக்கு அப்பால் இருந்தவரை போ என்ற வாய், நாற்பத்தோரு கிலோமீட்டர் தள்ளிப் போனதும் வாங்க என்கிறது. அந்த மரியாதை உலகம்மாளுக்கு ருசிக்கவில்லை. ஆனாலும் அவள் தண்ணீரைக் குடித்தாள், வாடகையை எடுத்து வைத்தாள், அவர் திருப்பிப் போட்ட பெரிய ரிஜிஸ்தரில் பேர் என்ற கட்டத்தில் உலகம்மாள் என்று எழுதினாள், ஊர் என்ற கட்டத்தில் ஏழூரணி என்று எழுதினாள்.

திரவியம் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

“அப்படி எழுதினா மறுபடியும் உள்ளூராயிருமே. வேற ஊரு போடுங்க.”

“வேற எந்த ஊரு?”

“ஏதாவது. தென்காசின்னு போடுங்க, சங்கரன்கோவில்னு போடுங்க. நான் என்ன வந்து பாக்கவா போறேன்? காகிதம் ஒழுங்கா இருக்கணும், அம்புட்டுதான்.”

அவருக்குப் பின்னால் ஆணியில் ஆறாம் நம்பர் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும். ஊர்ப்பேர் ஒன்றைப் பொய்யாக எழுதிவிட்டால், மாடிப்படி பதினெட்டு ஏறினால், கதவு, தாழ்ப்பாள், கட்டில். அவளுடைய உடம்பு முழுக்க அந்தப் படியேறத் துடித்தது, உள்ளதைச் சொன்னால் அவள் பேனாவைத் தென்காசியின் முதல் எழுத்து வரைக்கும் கொண்டுபோனாள். அங்கே நின்றுவிட்டாள். கமிட்டிக்காரன் என்னைப் பட்டியலிலிருந்து அடித்தான், இப்போது இவர் என் கையாலேயே என்னை அடித்துக்கொள்ளச் சொல்கிறாரே என்று தோன்றியது. எழுதின அந்த ஓர் எழுத்தைக் கறுப்பாக அடித்தாள்.

“அண்ணாச்சி, நான் எந்த ஊர்க்காரின்னு நீங்க சொல்லாதிய. நான் ஏழூரணிக்காரி. உள்ளூர்க்காரியா எனக்கு ரூம் வேணும். வெளியூர்க்காரியா எனக்கு வேண்டாம்.”

“உள்ளூர்னா கிடையாது.” மரியாதை வந்த வேகத்திலேயே போய்விட்டது. “இடத்தைக் காலி பண்ணு உலகம்மா, நாலு பேரு வந்து போற இடம்.”

“காலி பண்ண மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு, அவள் வரவேற்பறை பெஞ்சில் நடுவாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். பத்தரைக்குப் பஸ் ஸ்டாண்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், பதினொன்றுக்கு வாசல் நிறைந்துவிட்டது. திரவியம் முதலாளிக்குப் போன் போட்டார், முதலாளி போலீஸ் உத்தரவு என்றார். ஸ்டேஷனுக்குப் போட்டார், வருகிறவர் யார் என்று அட்டையைப் பார்த்து எழுதச் சொன்னோம், உள்ளூர் வெளியூர் என்று நாங்கள் ஒன்றும் சொல்லவில்லையே, லாட்ஜ் சங்கத்தில் கேளுங்கள் என்றார்கள். சங்கச் செயலாளரோ, அது எப்பவும் இருக்கிறதுதானே அண்ணாச்சி என்று சொல்லி வைத்துவிட்டார். இருபத்தைந்து வருஷம் காவல் காத்த சட்டத்துக்கு அப்பன் யார் ஆத்தா யார் என்று தெரியாமல் திரவியம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆனாலும், பெற்றவர் இல்லாத பிள்ளையை வளர்த்தவர் விடுவாரா, “கிடையாதுன்னா கிடையாதுதான்,” என்றார்.

உலகம்மாள் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்:

“ஏன்யா, இந்த ஊருல இவர்ட்ட ரூம் கேட்டு இல்லைன்னு திரும்பிப் போனது நான் ஒருத்திதானா?”

 இப்படிக் கேட்டால் யார் பேசுவார்கள்? சொந்த ஊரில் லாட்ஜில் அறை கேட்டேன் என்று சொன்னால், எதுக்கு என்று நூறு வாய் கேட்கும். ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அவளும் கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், கடைசியில் போஸ்ட் ஆபீஸ் கிளார்க் சங்கரபாண்டி தொண்டையைக் கனைத்தார்.

“கல்யாணமான புதுசுல நானும் கேட்டேன். வீட்டுல பதினோரு பேரு. நானும் என் வீட்டுக்காரியும் ஒரு வாரமா ஒரு வார்த்தை தனியாப் பேசல. பேசதுக்குத்தான் கேட்டேன்.”

அவர் சொல்லி வாயை மூடவில்லை, சட்டைப்பையில் போன் அடித்தது, எடுத்தால் அவர் வீட்டுக்காரி: ஏங்க, வாசல்ல இருந்து இறங்கினா பனங்காடா இருக்கு. அப்புறம் கணக்கு வாத்தியார், பரீட்சைப் பேப்பர் திருத்த ஒரு நாள் கேட்டதைச் சொன்னார், போன் அடித்தது. அரிசி மில் ராஜாமணி, மூலத்துக்கு ஆபரேஷன் பண்ணியபோது உட்கார்ந்து போகிற கக்கூஸுக்காகக் கேட்டேன், என்ன செய்ய, வீட்டில் குத்தவைக்கிறதுதானே என்று சொல்ல, கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார், அவர் போனும் அடித்தது. புருஷன் செத்த பதினாறாம் நாள், துட்டி கேட்டு, துக்கம் விசாரித்து வருகிறவர்களுக்கெல்லாம் அழுது அழுது ஓய்ந்து, அழாமல் இருக்க ஒரு மத்தியானம் கேட்டேன் என்று பூக்கடை மாடத்தி சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வீடாக நாற்பத்தோரு கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்தது, வடக்குத் தெரு போனது, கீழத்தெரு போனது, கமிட்டிப் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு மருமகளோடு சண்டை போட்ட கதையைச் சொல்ல அவர் வீடும் போனது, ஆவுடையப்பன் வண்டியை நிறுத்தாமல் ட்ரிப் அடித்துக்கொண்டிருந்தார், பன்னிரண்டரை மணிக்கு ஏழூரணியில் பஸ் ஸ்டாண்டும் லாட்ஜும், இரண்டுக்கும் நடுவில் நிறைய வெளியூர்க்காரர்களும்தான் மீதி.

“எல்லாம் போகட்டும்,” என்றார் திரவியம். “என் வீடு இந்தா, பின்னால தெருவுல அப்படியேதான் இருக்கு. என் வீட்டுல எவனும் யாரிட்டயும் ரூம் கேக்கல.” சொல்லிவிட்டு, ஒரு மணியானதும், இருபத்தைந்து வருஷமாகப் போகிற மாதிரி மேசை டிராயரைப் பூட்டி, மதியச் சாப்பாட்டுக்குக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். குடை மடங்கியிருந்தது, செருப்பில் ஆற்று மணல்.

“பனங்காடு,” என்றார், பொதுவாக.

 அவர் மேசைமேல் இருந்த போனை எடுத்து வீட்டில் இருக்கிற பெண்டாட்டிக்கு அடித்தார். பழைய போன், அந்தப் பக்கம் பேசுவது பெஞ்சு வரைக்கும் கேட்கும்.

“பாப்பா, நீயா? வீட்டுல யாரு... யாரு ரூம் கேட்டது?”

“நான்தான்,” என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

“நீயா? எங்க கேட்ட? யாருட்ட கேட்ட?”

“ஒங்ககிட்டதான். நாலு வருசம் முன்னால, ஒங்க அக்கா மவ பேறுகாலத்துக்கு வந்து மூணு மாசம் இருந்தாள்லா, அப்ப மேட்டுத்தெரு சொர்ணம் போன்ல இருந்து அடிச்சேன். பேரு சொல்லல. உள்ளூருக்கு ரூம் உண்டுமான்னேன். நீங்கதான் எடுத்திய. ‘உள்ளூர்னா இல்லம்மா, வீட்டுல போய்த் தூங்குங்க’ன்னு வச்சிட்டிய. இன்னைக்கு அங்கன நடந்ததைச் சொன்னாவ. அடுப்பைப் பாத்து, நானுந்தான் கேட்டேன்னு சொன்னேன். சொல்லிட்டு வாசலுக்கு வந்தா பனமரம்.”

“என் குரலு தெரியலையா ஒனக்கு?”

“தெரிஞ்சுது. ஒங்களுக்குத்தான் என் குரலு தெரியல.”

திரவியம் போனை வைத்தார். வைத்துவிட்டு வெகுநேரம் அதன் மேலேயே கையை வைத்திருந்தார். உலகம்மாளுக்கு அவர்மேல் இருந்த கோபம் தீரவில்லை, ஆனால் அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருபத்தைந்து வருஷமாக அவர் இல்லை இல்லை என்று சொன்ன அத்தனை பேரும் ஒரே முகமாக, கொண்டையில் ஈர்க்குச்சி செருகிய அவர் பெண்டாட்டி முகமாக அவருக்கு இப்போது தெரிகிறது என்று அவள் நினைத்தாள். அவர் ரிஜிஸ்தரை எடுத்து, அவளைக் கூப்பிடாமல், மேசையைச் சுற்றி அவளருகே பெஞ்சில் வந்து உட்கார்ந்து, மடியில் விரித்தார்.

“எழுது,” என்றார். பிறகு, “எழுதுங்க.”

“எழுதுன்னே சொல்லுங்க,” என்றாள் அவள். “உள்ளூர்தான.”

அவள் நிதானமாக எழுதினாள். பெயர், உலகம்மாள். எங்கிருந்து வருகிறார், ஏழூரணி. எங்கே போகிறார், ஏழூரணி. வந்த காரியம் என்ற கட்டத்தில், கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்க்க, தூக்கம் என்று எழுதிக் கீழே கோடு போட்டாள். திரவியம் பழக்க தோஷத்தில், “அட்வான்ஸ்,” என்றார்.

“அட்வான்ஸ் எதுக்கு?”

“வாளி, துண்டு, தலையணை ஏதாவது குறைஞ்சா...”

“என்னத்தை எடுத்துட்டு எங்க ஓடப் போறேன் அண்ணாச்சி? ஓடினாலும் மூணு தெருதான ஓடுவேன். வந்து கதவைத் தட்டுங்க. அட்வான்ஸ் வெளியூர்க்காரங்கிட்ட வாங்குங்க, என்கிட்ட ஊரு இருக்கு.”

சாவியை அவரே எடுத்துக் கொடுத்தார். பதினெட்டுப் படி ஏறி, ஆறாம் நம்பர் கதவைத் திறந்து, உள்ளே போய், சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள். போட்டதை எடுத்துவிட்டு, அந்தச் சத்தத்துக்காக மறுபடியும் ஒரு தரம் போட்டாள். அறை ஒன்றும் பெரிய அழகில்லை, ஜன்னலில் பஸ் ஸ்டாண்டு புகை, மின்விசிறி கொஞ்சம் கிறீச்சிட்டது, தலையணை கல்லாட்டம் இருந்தது, அடுத்த தரம் இவர்களைப் பஞ்சு மாற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடியே அதில் தலையைச் சாய்த்தாள்.

எவ்வளவு நேரமோ தெரியாது. கதவு தட்டப்பட்டது.

“ஏட்டி! உலகம்மா! வீடு வந்துட்டுட்டி, எல்லார் வீடும் வந்துட்டு, மூணு தெரு நடந்துதான் வாரேன்! எந்திரி, போவோம்!”

முத்துக்குட்டிதான். குரலில் சந்தோஷம் இருந்தது, பாவம், உண்மையான சந்தோஷம். பக்கத்து அறைக் கதவையும் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். “பாப்பா, நான்தான். கோவமா? சாப்பாடு எங்கன இருக்கு பாப்பா?” என்று திரவியத்தின் குரல் கேட்டது, கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அவர் கையாலேயே ஏழாம் நம்பர் சாவியை வாங்கிக்கொண்டு படியேறியிருக்க வேண்டும் அந்தப் பொம்பளை. ஏழாம் நம்பரிலிருந்து மின்விசிறிச் சத்தம்தான் வந்தது. மாடிப்படியில், “நான்தான் முதல்ல வந்தேன், எனக்கு எட்டாம் நம்பர்,” என்று கனி யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, கேக்கா? அதான் வீடு வந்துட்டே, இனி எதுக்கு ரூமு? அடுப்புகூடப் பத்த வைக்கல. பிள்ளையள் தேடுது.”

உலகம்மாள் எழுந்திருக்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை, கெஞ்சியும் சொல்லவில்லை, அவள் வாழ்க்கையில் அவனிடம் அவ்வளவு அமைதியாக எதையும் சொன்னதில்லை.

“வீடு வரட்டும்னு நான் ரூம் கேக்கல. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் இந்தக் கதவு என்னுது. போங்க.”

வெளியே அவன் இன்னொரு தரம் தட்டக் கையைத் தூக்கியிருப்பான் என்பது அவளுக்குத் தெரிந்தது, அவன் தட்டினானா, தட்டாமல் படியிறங்கிப் போனானா என்பது அவளுக்குத் தெரியாது, அதற்குள் அவள் தூங்கிவிட்டிருந்தாள்.